கோலப்பொடியில் கட்டிய சமையலறை

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சம்பவம். செட்டியார்பட்டி மதினி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போனார். காபி போட்டார். டம்ளரோடு ஹாலுக்கு வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார்.

இதில் என்ன சம்பவம் என்கிறீர்களா?

சீனி எங்கே இருக்கிறது என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அதுதான் சம்பவம்.

மதினி என் கணவரின் அக்கா. நான் ராஜபாளையத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து, அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய் காபி குடித்ததில்லை. கேள்விக்குப் பின்னாலேயே தீர்ப்பும் வரும். "ரெண்டு பொம்பளைய பொழங்குத அடுப்பங்கரையில ஒரு சாமான் வச்ச எடத்துல இருக்குமா?"

அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். இன்னொருத்தி செல்வி. என் கொழுந்தனாரின் மனைவி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி.

எங்கள் இருவருக்கும் எல்லாம் பொருந்திப் போகும், உயரத்தைத் தவிர. கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் என்னைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். செல்வி என் தோளுக்குத்தான் வருவாள். பழைய சமையலறையின் மேடையோ எங்கள் இருவருக்குமே பொருந்தாத உயரம். நான் குனிந்து குனிந்து முதுகு வலி வாங்கினேன். அவள் மனைப்பலகை போட்டு ஏறி நின்று வதக்கினாள். ரயில் பெட்டி மாதிரி நீளமாக, ஒடுக்கமாக ஒரு அறை. ஒருத்தி திரும்பினால் இன்னொருத்தி சுவரோடு ஒட்ட வேண்டும். ஒருநாள் கொதிக்கிற ரசம் செல்வியின் காலில் கொட்டியது. பலகையை அங்கே யார் வைத்தது, சட்டியோடு யார் திரும்பியது என்று வாய்ச்சண்டை முற்றி, நானும் அவளும் பேசாமலே சில வேளை சமைத்தோம். உப்பு இரண்டு முறை விழுந்தது. சாப்பிட்டவர்கள் மோரை ஊற்றிச் சமாளித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வீட்டின் பின்கட்டை இடித்து எடுத்துக் கட்டுவது என்று முடிவானது. முதல் ஆளாக யோசனை சொல்ல வந்தவர் யார்? மதினியேதான்.

"கீழ ஒண்ணு, மாடியில ஒண்ணு. ரெண்டு அடுப்பங்கரையா போட்ருங்க. ஒரே ஒறையில ரெண்டு கத்தி இருக்குமாலே?" என்றார் தம்பியிடம். "எங்க வீட்டப் பாரு. மருமகளுக்கு மாடியில தனியா கட்டிக் குடுத்துட்டேன். என்னைக்காவது ஒரு சத்தம் கேட்ருக்கியா?"

இன்ஜினியர் தலையாட்டினார். என் கணவரும் தலையாட்டினார். சண்டை வராமல் இருக்கச் சுவர் எழுப்பலாம் என்றால் ஆண்களுக்கு உடனே பிடித்துப்போகிறதே... அது ஏன்?

அன்று சாயங்காலம் செல்வி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"நான் மாடியில ஒத்தையில ஒலை வைக்கவாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. கொழுந்தனார் ராணுவத்தில் இருக்கிறார். லீவு கிடைத்தால்தான் ஊர். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டல். மாடியில் ஒரு சமையலறை கட்டினால், அதில் அவள் தனக்கென்று ஒரு கைப்பிடி அரிசி போட்டு, தனக்கென்று ஒரு கரண்டி குழம்பு வைத்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். சண்டை போடக்கூட ஆள் இருக்காது. ரசம் கொட்டிய நாளில்கூட அவள் என்னைவிட்டுப் போக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. இதை எப்படி இந்த ஆண்களுக்குச் சொல்ல?

"ஒரே அடுப்பங்கரைதான். முடிஞ்சு போச்சு" என்று ராத்திரிச் சாப்பாட்டில் அறிவித்தேன்.

என் கணவர் தோசையைப் பிய்த்தபடி, "சரி. பொறவும் ரெண்டு பேரும் முட்டிக்கிட மாட்டியன்னு என்ன கேரண்டி?" என்றார்.

நியாயமான கேள்விதான். அதனாலேயே எரிச்சலாக இருந்தது.

மாடுலர் கிச்சன் ஷோரூமுக்குப் போனோம். அங்கிருந்த தம்பி கம்ப்யூட்டரில் எங்கள் சமையலறையைப் படமாகவே காட்டினான். பளபளவென்று வெள்ளை. நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் ஒரு ஆப்பிள். அடுப்பில் எதுவும் இல்லை. சிங்க்கில் ஒரு பாத்திரம்கூட இல்லை.

"இந்த அம்மா வீட்ல வேற யாருமே இல்லையா தம்பி?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. படத்தில் அழகாக இருக்கிற சமையலறை எல்லாம் ஒரே ஆளுக்குத்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் காலை ஏழரை மணிக்கு அந்த ஆப்பிள் அம்மாவை நிறுத்தினால், ஆப்பிளும் மிஞ்சாது, அம்மாவும் மிஞ்சமாட்டார்.

செல்வி என் காதில், "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குக்கா" என்றாள். வெளியே வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், இருவரும் மொட்டை மாடிக்குப் போனோம். கையில் டேப், ஒரு டப்பா கோலப்பொடி. இன்ஜினியர் கொடுத்த அளவுக்கு, ஒரு இன்ச் குறையாமல், முழுச் சமையலறையைத் தரையில் வரைந்தோம். அடுப்புக்குச் செங்கல். சிங்க்குக்கு அண்டா. கவிழ்த்த தண்ணி டிரம்தான் ஃப்ரிட்ஜ்.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்ட அம்மா எட்டிப் பார்த்து, "என்ன கோலம் இது?" என்றார்.

"அடுப்பங்கரைக்கா. செத்த நேரத்துல சமையல் ஆரம்பம்" என்றாள் செல்வி.

குடும்பத்தை மேலே கூப்பிட்டோம். மதினியும் வந்திருந்தார். நாற்காலி போட்டுக் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார், கேஸ் விசாரிக்கிற ஜட்ஜ் மாதிரி. விதி இதுதான்: வழக்கமான ஒரு காலைச் சமையல். பாத்திரத்தில் விளிம்பு வரை பச்சைத் தண்ணீர். யார் யாரோடு இடித்தாலும் தண்ணீர் தரையில் கொட்டும். கொட்டிய இடம் காய்வதற்குள் கோலப்பொடியால் வட்டம் போட வேண்டும்.

"நான் என்ன செய்ய?" என்றார் என் கணவர்.

"நீங்க நீங்களா இருங்க. அம்புட்டுதான்."

இருந்தார். தண்ணீர் குடிக்க வந்தார். பேப்பரோடு வந்தார். என்ன குழம்பு என்று மூடியைத் திறக்க வந்தார். மோர் எடுக்க வந்தார். பிளஸ் டூ படிக்கிற என் மகன் டிரம்மைத் திறந்து — அதாவது ஃப்ரிட்ஜைத் திறந்து — எதையும் எடுக்காமல் நின்று யோசித்துவிட்டுப் போனான். செல்வியின் "சாம்பார்" கொட்டியது. என்னுடைய "பால்" கொட்டியது. மறுபடி சாம்பார்.

நாடகம் முடிந்ததும் வட்டங்களைப் பார்த்தோம். தரையில் அம்மைத் தழும்பு போல வட்டங்கள். ஒன்றைத் தவிர எல்லாம் எங்கே? டிரம்மைச் சுற்றி! நானும் செல்வியும் ஒருவரோடொருவர் இடித்தது ஒரே ஒரு இடம், அண்டா பக்கம். மீதி அத்தனை விபத்திலும் ஒரு தரப்பு என் கணவர். இல்லையென்றால் என் மகன்.

எனக்கு ரசம் கொட்டிய நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நான் ஏன் திரும்பினேன்? இவர் ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டினார், வழி விட்டேன்!

செல்வி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து அவரைப் பார்த்தோம். மனிதர் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார்.

ஊர் உலகத்தில் ஓரகத்திகள் ஒற்றுமையாக இருக்கமாட்டார்கள் என்று எவ்வளவு பேசியிருக்கிறோம். எத்தனை குடும்பம் ஃப்ரிட்ஜ் வைத்த இடத்தால் பிரிந்ததோ, யார் கண்டது?

மதினி மட்டும் அசரவில்லை. "எல்லாஞ் சரி. எனக்கு ஒரு காபி போடணும்னா இதுல சீனி எங்க இருக்கு?" என்றார்.

வழக்கமாக அந்தக் கேள்விக்கு எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். அன்று வரவில்லை. ஏனென்றால், அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. வந்து போகிறவர்களுக்கு என்று சமையலறையில் ஓர் இடமே இல்லை. அதனால்தான் எல்லோரும் எங்கள் காலுக்குள் வருகிறார்கள். டிரம்மை உருட்டிக்கொண்டுபோய் வாசல் ஓரத்தில் நிறுத்தினேன். அதன் பக்கத்தில் குடிதண்ணீர். அதையொட்டி ஓர் அலமாரி: காபித்தூள், சீனி, டம்ளர், நொறுக்குத்தீனி. அங்கே ஒரு கோடு கிழித்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர். இந்தப் பக்கம் நானும் செல்வியும்.

மறுபடி ஒரு முறை சமைத்தோம். தரை காய்ந்தே கிடந்தது.

அப்புறம் என்ன... கோலம் கட்டடமானது. சமையல் மேடை இரண்டு உயரத்தில் எழுந்தது. அடுப்புப் பக்கம் செல்விக்குத் தாழ்வாக, அரிகிற பக்கம் எனக்கு உயர்வாக. சிங்க் நடுவில், இருவருக்கும் கை எட்டும்படி. அலமாரி எல்லாம் தேக்கு. வெங்காயம், உருளைக்கிழங்குக்குக் காற்றுப் போகிற மாதிரி இடைவெளி விட்ட மரச் சட்டக் கதவுகள். கிரைண்டர் உள்ளேயிருந்து தட்டோடு உருண்டு வெளியே வரும். தூக்க வேண்டாம். அருவாமனை இல்லாமல் செல்விக்குக் கை ஓடாது. அதற்கும் கீழே ஒரு டிராயர். அலகு மடங்கி உள்ளே படுத்துக்கொள்ளும். எதிரே அவள் காலை நீட்டி உட்கார இடம்.

ஆசாரி உற்சாகத்தில், "கதவுல யாளி செதுக்கட்டுமாக்கா?" என்றார்.

"எண்ணெய்ப் பிசுக்கு ஏறுனா யாளி பல்ல யாரு தொடைக்க?" என்றேன். விளிம்பில் ஒரு மெல்லிய கோட்டோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரே ஒரு குறை செல்விக்கு. கதவுகள் எல்லாம் சாஃப்ட் க்ளோஸ். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கடைசியில் பூ மாதிரித்தான் மூடுகின்றன. "கோவம் வந்தா டப்புனு சாத்தக்கூட முடியாதாக்கா?" என்று கேட்டாள். வாஸ்தவம்தானே? ஒரு கதவுக்கு மட்டும் சாதாரணக் கீல் போடச் சொன்னோம். இருவருக்கும் பொது. குடியேறி மாதங்கள் ஆகின்றன. இதுவரை அது சத்தம் போடவில்லை என்பதைக் கொஞ்சம் கர்வத்தோடேயே எழுதுகிறேன்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மதினி ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே நானும் செல்வியும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வேலையாக இருந்தோம். கடுகு வெடித்தது. மதினி எழுந்து வந்து, கோடு இருக்கவேண்டிய இடத்தில் சரியாக நின்றார். ரொம்ப நேரம் எங்களையே பார்த்தார்.

"எங்க வீட்ல சத்தமே கெடையாதுன்னு சொன்னேம்லா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "மேல மருமக தாளிக்கா. கீழ நான் தாளிக்கேன். ஒரே நேரத்துக்குத்தான். ரெண்டு வீட்டு வாசமும் மாடிப்படியில வந்து பாத்துக்கிடுது. நாங்க பாத்துக்கிடுததில்ல."

ஜெயித்துவிட்டோம் என்று கத்த வேண்டிய நேரம். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. பிடித்துக்கொண்டேன்.

செல்விதான் பேசினாள். பேசும்போதே குனிந்து, கீழ்த் தட்டிலிருந்து கோலப்பொடி டப்பாவை எடுத்தாள். "மதினி, ஒங்க வீட்டு மொட்ட மாடி எம்புட்டு இருக்கும்?"

இந்த ஞாயிறு செட்டியார்பட்டி கிளம்புகிறோம். என் கணவரும் வருகிறார். குறுக்கே வருவதற்கு ஓர் ஆள் வேண்டுமே!