வணக்கம் மட்டும் போய்ச் சேர்ந்தது

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பாதி என் மேல். மீதி யார் மேல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்காலம் முழுவதும் கணினி நிரல் எழுதியே கழித்தவன் நான். ஓய்வு பெற்றுப் பெரம்பலூர் வந்தபோது, பருத்தி விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு நிறுவனம் அழைத்தது. ஏலம் என்றைக்கு, எங்கே என்று உறுப்பினர்களின் கைபேசிக்குச் செய்தி போக வேண்டும். எழுதிக் கொடுத்தேன். முதல் பருவம் ஆங்கிலத்தில் போனது. அடுத்த பருவம் தமிழுக்கு மாற்றச் சொன்னார்கள்.

வாசகம் நிறுவனத் தலைவருடையது. மதிப்பிற்குரிய உழவர் பெருமக்களுக்குப் பணிவான வணக்கம், பிறகு அவருடைய பட்டங்கள், பதவிகள். விஷயம் கடைசியில், ஒரே வரியில். நம் பக்கத்தில் அழைப்பிதழும் அறிவிப்பும் அப்படித்தான். நான் மறுப்புச் சொல்லவில்லை.

வலைப்பின்னலில் ஒரு செய்தியை அனுப்பினால், அதன் நீளத்தை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். எதிர்முனை அந்த அளவை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடும். நீளத்தை பைட் என்னும் கணினி அளவில் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் மூன்று. நான் எழுத்துகளை எண்ணி, அதையே நீளமாகச் சொல்லி அனுப்பினேன். செய்தியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்துப் பார்த்த எனக்கு அது தெரியவில்லை. ஏலம் எப்போதும் ஒரே கிழமை, ஒரே இடம் என்பதால் யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு வாரம் ஏலத்தை அரியலூருக்கு மாற்றினார்கள். தரகர்களோடு பழக்கம் உள்ளவர்கள் வாய்வழியாகத் தெரிந்துகொண்டார்கள். வாலிகண்டபுரத்துப் பெண் ஒருவர், தரகரே வேண்டாம் என்று எங்களை நம்பிச் சேர்ந்தவர், அந்தப் பருவத்துப் பருத்தி முழுவதையும் மினி லாரியில் ஏற்றி வந்து, பெரம்பலூரில் பூட்டிய கிடங்கு வாசலில் நின்றார். மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பருத்தியை எந்த வியாபாரி தொடுவான்?

மறுநாள் ஆபீசுக்கு வந்தார்.

"மெசேஜ் அனுப்பியாச்சும்மா, கம்ப்யூட்டர்லயே இருக்கு. படிக்கத் தெரியலன்னா பக்கத்து வூட்ல கேக்கக் கூடாதா?" என்றார் தலைவர்.

"பத்தாவது படிச்சிருக்கேங்க. வாரா வாரம் வணக்கம் வெக்கிறீங்க, உங்க பட்டத்தச் சொல்றீங்க. ஏலம் எங்கன்னு ஒரு வார்த்தை இருந்தா காட்டுங்க."

அவர் நீட்டிய கைபேசியைத் தலைவர் வாங்கவே இல்லை; அங்கே இருந்த என்னைப் பார்த்தார். "சார், நீங்களே சொல்லுங்க. போயிருக்கா இல்லியா?"

"போயிருக்கு" என்றேன்.

அந்தப் பெண் கைபேசியை என் பக்கம் திருப்பினார். பட்டங்களின் நடுவிலேயே வாக்கியம் அறுந்து கிடந்தது. பார்த்த கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அறிவிப்பை மதிக்காதவர் என்று சொல்லி அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அன்று மத்தியானமே நிரலில் ஒரு வரியைத் திருத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரில் இருக்கிறதாம்! அது அனுப்பியவனுடைய சாட்சி. வாங்கியவர் கையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட மனமில்லாத நாங்கள், அவருக்குப் படிக்கத் தெரியாது என்று தீர்ப்புச் சொன்னோம். படித்த நானும் அதற்கு உடந்தை.

மாதங்கள் கழித்து வாலிகண்டபுரம் போய் அவரிடம் சொன்னேன். வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார்.

"இத எங்கிட்ட வந்து சொல்லி என்ன சார் பிரயோஜனம்? நான் தப்பு பண்ணலன்னு எனக்குத்தான் தெரியுமே. கூட்டத்துல சொல்லுங்க."

அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "சாருக்கு வயசாயிடுச்சு, பாவம்" என்று தலைவர் சிரித்தார். கூடவே சிலர் சிரித்தார்கள். பழைய செய்தி கைபேசியில் இருந்தவர்களைப் படிக்கச் சொன்னேன். ஒருவர் வணக்கத்தையும் பாதிப் பட்டங்களையும் சத்தமாகப் படித்து, அதற்கு மேல் ஒன்றுமில்லாமல் நிறுத்தினார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். நனைந்த பருத்திக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. சேர்த்த செய்தியைச் சொல்ல நானே போனேன்.

"சேத்துக்கட்டும் சார். இந்த வருசம் பருத்திய தரகர்கிட்ட போட்டுட்டேன்" என்றார். "அவன் ஏமாத்துனாலும் மொகத்தப் பாத்துச் சண்ட போடலாம்."