நூலக வாசல் காகிதப்பூ

பல்கலைக்கழகத் தோட்டப் பிரிவில் அவருக்கு ‘ஏன் அண்ணன்’ என்று பெயர். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்காமல் நகர மாட்டார். வெட்சி வேலியை வெட்டச் சொன்னால், வரிசையில் ஒரு செடி மட்டும் ஏன் மஞ்சள் தட்டியது என்று கத்திரியைக் கீழே போட்டுவிட்டுக் குந்திவிடுவார். அவர் பங்கையும் சேர்த்து வெட்டுகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவருக்கே தண்ணி காட்டியது நூலக வாசல் காகிதப்பூ. நுழைவாயில் வளைவில் படர்ந்திருந்த கொடியிலிருந்து அவரே வெட்டி, வேர் பிடிக்கவைத்து, நட்ட செடி. தாய்க்கொடியில் இலை தெரியாமல் ரோஸ் நிறம் கொட்டிக் கிடந்தது. இதிலோ வெறும் இலையும் முள்ளும்தான்.

“பசங்க சட்டையக் கிழிக்கிறதுக்கா வச்சிருக்கோம்? மாசக் கடைசிக்குள்ள பூக்கலன்னா புடுங்கிட்டுக் குரோட்டன்ஸ் வச்சிருவேன்” என்றார் மேற்பார்வையாளர்.

காகிதப்பூவுக்குத் தாகம் எடுத்தால்தான் பூ வரும். ஏன் அண்ணன் அந்தப் பக்கம் ஹோஸைத் திருப்புவதையே விட்டிருந்தார். நாள் முழுக்க நல்ல வெயிலும் விழுந்தது. ஆனாலும் அடிமண்ணில் விரலை விட்டால் சில்லென்று ஈரம். ஏசி தண்ணீரா என்று பார்த்தார். அந்தக் குழாய் கட்டடத்தின் பின்பக்கம் போனது. நூலகத்தைப் பெருக்கித் துடைப்பவர் அவர் மனைவிதான். உள்ளே ஏதாவது குழாய் ஒழுகுகிறதா என்று அவரிடம் கேட்டார். இல்லை என்றுவிட்டார்.

“நாய் எதுவும் கால் தூக்குதோ என்னவோ” என்றான் கூட வேலை செய்பவன். அதையும் விடவில்லை, நாய்களையும் கண்காணித்தார்.

கடைசியில் ஒரு மத்தியானம் வெட்சி வேலிக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்தார். நூலகக் கதவு திறந்தது. மாணவர்கள் மேசையில் விட்டுப்போன தண்ணீர் பாட்டில்களை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு மனைவி வந்தார். ஒவ்வொரு மூடியாகத் திருகி, மிச்சத்தைச் செடியின் காலடியில் ஊற்றினார்.

“குடி தங்கம். ஹோஸ் வச்சிருக்கிற மகராசனுக்கு நீ மட்டும் கண்ணுக்குத் தெரியல.”

“அடியே, நீதானா!”

வாளி உருண்டது. “அய்யோ! புதருக்குள்ள என்னங்க வேலை உங்களுக்கு?”

“இதுக்குப் போயி யாராவது தண்ணி ஊத்துவாங்களா? பட்டினி போட்டாத்தான் பூக்கும்.”

“அத வாயத் தொறந்து சொல்லணும்ல? நீங்க வச்ச செடி வாடக்கூடாதேன்னு ஊத்துனேன்.”

“ஒழுகுதான்னு கேட்டேனே!”

“குழாய் ஒழுகுதான்னு கேட்டீங்க. நான் என்ன குழாயா?”

அன்று முதல் பாட்டில் தண்ணீர் கல்வாழைக்குப் போனது. காகிதப்பூ வாடியது, இலைகள் கொட்டின. மாசக் கடைசியில் மேற்பார்வையாளர் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

“செத்தே போச்சுண்ணே.”

“சாகல. குனிஞ்சு பாருங்க” என்று மனைவி துடைப்பத்தோடு குறுக்கே வந்தார்.

மேற்பார்வையாளர் குனிந்தார். மொட்டைக் கிளை நுனியில் ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது. மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, “சரி, பொழைச்சுப் போகட்டும்” என்றார்.

ஏன் அண்ணன் அதைக் காதில் வாங்கவேயில்லை. பக்கத்துக் கிளையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். அதன் நுனியில் வந்திருந்தது வெள்ளை. தாய்க்கொடியில் மருந்துக்குக்கூட வெள்ளை கிடையாது. அவர் மெதுவாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னைய ஏன் பாக்குறீங்க?” என்றார் மனைவி. “நான் ஒரு சொட்டுகூட ஊத்தல.”