ஆறாவது ஆளுக்கான சீட்

1. படிவம்

ஓசூரில் கார் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். சாவி தருவார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"வண்டியப் பத்தி நீ பேசாதப்பா. அவங்களப் பேச விடு. தெனமும் எவ்ளோ தூரம், எந்த ரோடு, எத்தன பேரு. இத நிரப்பினா எந்த வண்டின்னு அதுவே சொல்லிடும்."

மெக்கானிக்கல் படித்தவன் நான். கியர் ரேஷியோவே ஒப்பிப்பேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதற்கா இவ்வளவு படித்தோம் என்று தோன்றியது. அடுத்த வாரமே மூன்று படிவங்களை அரை மணி நேரத்தில் நிரப்பி, வேகமான பையன் என்று பெயரும் வாங்கிவிட்டேன்.

முதல் நாளே கற்றுக்கொண்ட இன்னொரு வேலை, காலையில் டெமோ வண்டியின் பின்சீட் பெல்ட்டை மாட்டி வைப்பது. புது வண்டிகளில் சீட்டுக்குள் சென்சார் இருக்கிறது. எடை இருந்து, பெல்ட் மாட்டாவிட்டால் பீப் அடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் பிரோஷர் பையையும் தண்ணீர் பாட்டிலையும் இடது பின்சீட்டில் போடுவோம். அதனால் ஆள் இல்லாத அந்தச் சீட்டுக்கு எப்போதும் பெல்ட் மாட்டியிருக்கும். எல்லா ஷோரூமிலும் நடப்பதுதான். வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள்.

2. "உத்தனப்பள்ளி தாண்டி ஏறுவான்"

மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்கும் பனி விலகவில்லை. சண்முகவேல் என்பவர் மனைவி செல்வியோடு வந்தார். விருதுநகர் பக்கத்துக்காரர், ஓசூரில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வாடகை வீடு ராயக்கோட்டையில். பழைய சின்னக் காரை எக்ஸ்சேஞ்ச் போட வேண்டும் என்றார்.

நேராக எங்கள் புது கிராஸ்ஓவர் வண்டியிடம் போய் நின்றார். காரைப் போல ஓடும், ஜீப்பைப் போல உயரமாக நிற்கும், பின்பக்கம் வேனைப் போல நீளும். அதிலேயே இரண்டு வகை: ஐந்து சீட் ஒன்று, மூன்று வரிசை ஏழு சீட் ஒன்று. ஏழு சீட் டாப் மாடல் பல மாதமாக யார்டில் வெயில் தின்றுகொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட்டால் மேனேஜர் எனக்கு நல்ல கமிஷன் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும்.

"தினமும் எத்தனை பேர் சார் வருவீங்க?"

"ஆறு பேரு. நானு, ஷிப்ட்ல கூட வர்ற நாலு பேரு, அப்புறம் தம்பி."

"தம்பியும் அதே கம்பெனியா சார்?"

"இல்ல. ரோஜா வளக்குற பாலிஹவுஸ்ல இருக்கான். உத்தனப்பள்ளி தாண்டி ஏறுவான்."

செல்வி அவரைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் '6' என்று எழுதி வட்டம் போட்டு, "அப்ப ஏழு சீட்டுதான் சார், யோசனையே வேணாம்" என்றேன். சண்முகவேல் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெஸ்ட் டிரைவுக்கு ராயக்கோட்டை ரோடுதான் வேண்டும் என்றார். அவர் ஓட்ட, நான் முன்னால். செல்வி அவருக்குப் பின்னால், வலது பின்சீட்டில். உத்தனப்பள்ளி தாண்டி ஒரு வளைவு வரும். இரண்டு பக்கமும் தைல மரம். வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய் இடது பின்கதவைத் திறந்தார். ஓர் ஆள் ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சாத்தினார்.

கதவுச் சத்தம் பார்க்கிறார் என்று நினைத்தேன். நிறையப் பேர் பார்ப்பார்கள்.

வண்டி நகர்ந்ததும் பீப் அடித்தது. திரும்பினேன். காலையில் நானே மாட்டிய பெல்ட் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பை கனத்தில் அடிக்கிறது என்று எண்ணி, எக்கி மாட்டினேன். நின்றுவிட்டது.

3. இரண்டாம் ஞாயிறு

முடிவு செய்யவில்லை, இன்னொரு தடவை ஓட்ட வேண்டும் என்று போன் செய்தார். யார்டு வண்டி என்பதால் மேனேஜரும் சரி என்றார்.

இந்த முறை பையை டிக்கியில் போட்டேன். பெல்ட்டை மாட்டி இழுத்தும் பார்த்தேன். போகும் வழியெல்லாம் வாய் ஓயாமல் வண்டியைப் புகழ்ந்தேன். வளைவு வந்ததும் என் பேச்சு தானாக நின்றது.

அவர் கைகளையே பார்த்தேன். ஒரு கை கதவில் இருந்தது. இன்னொன்று ஸ்வெட்டர் பையில். சீட்டை அவர் தொடவே இல்லை. செல்வி மட்டும், இருக்கையில் விரிந்து கிடந்த சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார், பக்கத்தில் ஒருவர் உட்கார வரும்போது செய்வதைப் போல.

கதவு சாத்தப்பட்டது. வண்டி கிளம்பியது. பீப்.

திரையில் இடது பின்சீட்டுக்கான சிவப்பு மனித உருவம் விட்டு விட்டு எரிந்தது. பெல்ட் கழன்றிருந்தது. இந்த முறை எக்கி மாட்ட எனக்குக் கை வரவில்லை.

சண்முகவேல் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். "ஏசி ஜாஸ்தியா இருக்கா?"

"இல்ல சார்" என்றேன்.

அவர் என்னைக் கேட்கவில்லை.

ஷோரூம் வந்ததும் சர்வீஸ் டெக்னீஷியனை இழுத்துவந்து காட்டினேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். "சென்சார் ஓகே நவீன். சும்மா அடிக்காது. யாராச்சும் ஒக்காந்திருப்பாங்க, பாரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

4. செல்வி சொன்னது

சண்முகவேல் எக்ஸ்சேஞ்ச் மதிப்பு பேசப் போயிருந்தபோது செல்வி என் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, அந்தத் தாள்ல ஆறுன்னு எழுதினீங்கல்ல."

"ஆமாக்கா."

"அவரு தம்பி செத்து ரெண்டு வருசம் ஆச்சு."

அந்த மாலை நல்ல மழையாம். கார் நிறைய ஆள். வளைவில் தம்பி கை காட்டியிருக்கிறான். பின்னால் வரும் பஸ்ஸில் வா என்று சைகை காட்டிவிட்டு இவர் நிற்காமல் வந்துவிட்டார். பஸ்ஸுக்கு முன்னால் லாரி வந்துவிட்டது.

"அதுலேருந்து தெனமும் அங்க நிறுத்தி, கதவத் தெறப்பாரு. கூட வந்த நாலு பேரும் பயந்துபோயி கம்பெனி பஸ்ல போறாங்க. ஒத்தையா போயிட்டு வர்ற மனுசனுக்கு ஏழு சீட்டு வண்டி." சிரிப்பதைப் போல வாயை இழுத்தார். "சிங்காரப்பேட்டைல எங்கப்பா எனக்குக் குடுத்த வீட்டுமனை இருக்கு. அத வித்துத்தான் இந்த வண்டியாம். நாங்க எல்லாரும் அவன் இல்லன்னுதான் சொல்லிட்டு இருந்தோம். மொத மொத நீங்கதான் அவனை எண்ணிக்கையில சேத்து, வட்டம் போட்டுக் குடுத்தீங்க. அந்தத் தாள மடிச்சுச் சட்டைப் பையிலயே வெச்சிருக்காரு."

நான்கு பேரின் பெயரைக்கூடக் கேட்காமல் ஓர் எண்ணை எழுதியிருக்கிறேன். அந்த எண்ணுக்கு ஒரு வீட்டுமனை போகப் போகிறது.

அடித்து எழுதினால் தீருமா? எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மூன்றாவது வரிசையில் உட்காரப் போகிறவர்களை உட்கார வைத்துப் பார்க்காமல் யாரும் அந்த வண்டியை வாங்கக் கூடாது. வெறும் சீட்டைப் பார்த்தால் எல்லா வண்டியும் பெரிசாகத்தான் தெரியும். எங்கள் தொழிலில் இது விதி. நான்தான் அவசரத்தில் தவிர்த்திருந்தேன்.

சண்முகவேலிடம் போனேன். "சார், புக்கிங் இப்ப வேணாம். அடுத்த ஞாயிறு உங்க ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் உக்காந்து பாத்தப்புறம் முடிவு பண்ணலாம்."

"எல்லாரையுமா?"

"ஆமா சார். எல்லாரையும்."

5. மாதப்பன்

நான்கு பேரும் வந்தார்கள். செல்விதான் போன் செய்து கெஞ்சியிருக்கிறார். மூத்தவர் மாதப்பன், சூளகிரிக்காரர். இரண்டு பேர் மூன்றாவது வரிசையில் முழங்காலை நெஞ்சில் இடித்துக்கொண்டு ஏறினார்கள். "கோழிக் கூண்டு தேவலப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நடு வரிசையில் ஒருவர் வலது ஓரம், மாதப்பன் நடுவில். இடது சீட்டில் யாரும் உட்காரவில்லை. அங்கே பெல்ட்டை நான் மாட்டியிருந்தேன்.

செல்வி ஷோரூமிலேயே இருந்துவிட்டார்.

உத்தனப்பள்ளி தாண்டினோம். வளைவில் பனி அப்படியே நின்றிருந்தது. சண்முகவேல் இறங்கினார். கதவைத் திறந்தார். குளிர் உள்ளே வந்தது. என் காதுக்குப் பின்னால் கிளிக் என்று பெல்ட் கழலும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

மாதப்பன்தான் பேசினார்.

"சம்முகம், வண்டி சின்னதுன்னா நெனச்சுனு இருக்கற?"

கதவைப் பிடித்தபடி அவர் நின்றார்.

"அன்னிக்கு நீ பிரேக்ல கால வெச்ச. எடம் இல்ல, போலாம்னு சொன்னது நானு. பின்னாடி கொஞ்சம் நகந்திருந்தா அவன் ஒக்காந்திருப்பான். எத்தினியோ நாளு அப்டி ஒக்காந்து வந்தவன்தான். அன்னிக்கு நனஞ்சிருந்தான். என் சட்ட ஈரமாவும்னு நகரல. அவ்ளோதான் விசயம்."



மாதப்பன் சீட்டில் வலது பக்கமாக நகர்ந்தார். இடம் தாராளமாக இருந்தும் நகர்ந்தார். பிறகு திறந்த கதவைப் பார்த்து, "ஏறுப்பா" என்றார்.

ஓர் ஆள் ஏறும் நேரம் சண்முகவேல் கதவைப் பிடித்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். வண்டி நகர்ந்ததும் பீப் அடித்தது. மாதப்பன் கை நீட்டி, அந்தப் பெல்ட்டை இழுத்து, உள்ளே ஓர் ஆள் இருப்பதைப் போலக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்து மாட்டினார். பீப் நின்றது.

ஷோரூமுக்குத் திரும்பியதும் சண்முகவேல் சட்டைப் பையிலிருந்த படிவத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். "அஞ்சு சீட்டே போதும் தம்பி. தேவைன்னா நகந்து உக்காந்துக்கலாம்."

மனை தப்பியது. யார்டு வண்டி யார்டிலேயே நின்றது. மேனேஜர் ஒரு வாரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டெலிவரிக்கு மறுநாள் செல்வி போன் செய்தார். "இன்னிக்கு வளைவுல நிறுத்தல தம்பி. கொஞ்சம் ஸ்லோ பண்ணாரு. அவ்ளோதான். மாதப்பண்ணன் கூட வந்தாரு."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. வண்டி யாருக்குப் பொருந்தும் என்று எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொருவர் பெயரையும், எங்கே ஏறுவார் என்பதையும் கேளுங்கள். கேட்ட பிறகும் எழுதாதீர்கள். அவர்களைக் கூட்டிவந்து உட்கார வையுங்கள். ஒருவர் வர முடியாது என்றால், ஏன் என்று கேளுங்கள். வீட்டம்மா வாயெடுத்தால் பேனாவைக் கீழே வையுங்கள்.

காலையில் டெமோ வண்டிகளின் பெல்ட்டை இன்றைக்கும் நான்தான் மாட்டி வைக்கிறேன். ராயக்கோட்டை ரோட்டுக்குப் போகும் வண்டியில் மட்டும் இடது பின்சீட்டைக் காலி செய்து, பெல்ட்டை மாட்டாமல் விட்டுவிடுகிறேன். பீப் அடித்தால் கஸ்டமர் கேட்பார். சென்சார் கொஞ்சம் கூர்மை சார் என்று சொல்லிவிட்டு, எக்கி மாட்டிவிடுவேன்.