நீலச் சொல்லுக்குள் போன ராக்கெட்

ஷார்ஜா தொழில்பேட்டையில் 'ராக்கெட் பாய்' என்று கேட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்கள். அது கீழக்கரை சதக்கத்துல்லா. லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பதினாறு வருடமாக சேல்ஸ்மேன். ஆள் கவுண்டரில் நிற்பாரே தவிர, நினைப்பெல்லாம் விண்வெளியில்தான். விஞ்ஞானக் கதைகள் எழுதி, வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு கடையில் ஆட்களை உட்காரவைத்து வாசிப்பார். அந்தப் பேட்டையில் எழுத்தாளர் என்றால் அவர் ஒருவர்தான். அந்த ஒரு பெருமையில்தான் மனுஷன் நடமாடிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றெட்டில் வந்து சேர்ந்தான் முத்துராமன். கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள சிவகங்கைப் பக்கத்திலிருந்து இவனும் வந்தான். வந்த மூன்றாம் மாதமே தன் கவிதை ஒன்றை அதற்குள் ஏற்றிவிட்டான். திரையில் பத்து வரி இருக்கும். நடுநடுவே சில சொற்கள் மட்டும் நீல நிறம். எந்த நீலச் சொல்லை அழுத்துகிறோமோ, அதற்கென்று வேறொரு பக்கம் திறக்கும்.

"இதுக்குப் பேரு ஹைப்பர்டெக்ஸ்ட் கவிதை, பாய். எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறதுங்கிறது படிக்கிறவங்க இஷ்டம்."

"கவிதையா, கிளி ஜோசியமாப்பா? வந்த சீட்டைப் படிக்கிறதுக்கு எழுத்தாளன் எதுக்கு?" என்றார் சதக்கத்துல்லா.

ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கை கழுவியதும் எல்லாரும் கம்ப்யூட்டரைச் சுற்றிக்கொண்டார்கள். புதுக் கதையை மடியில் வைத்துக்கொண்டு இவர் ஒண்டியாக உட்கார்ந்திருந்தார். அட, வயிறு எரியாதா? எரிந்தது. அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அவனைக் கரித்துக்கொட்டினார்.

அந்தக் கவிதையில் 'கடிதம்' என்ற சொல்லுக்கான பக்கம் மட்டும் காலியாக இருந்தது. இன்னும் எழுதவில்லை என்று முத்துராமனே சொல்லியிருந்தான். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கடையை அடைத்து எல்லாரும் ரூமுக்குச் சாப்பிடப் போன நேரம் பார்த்து, சதக்கத்துல்லா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எந்த எழுத்து எந்தக் கட்டையில் என்று அவன் ஒட்டிவைத்திருந்த தாளைப் பார்த்துப் பார்த்து, தனக்கு மனப்பாடமான பழைய கதையிலிருந்து ஒரு துண்டை அந்தப் பக்கத்தில் அடித்துவைத்தார். அந்தக் கதையை வாசித்த அன்று முதல் பக்கத்திலேயே எல்லாரும் தூங்கிப்போக, மெக்கானிக் பாண்டித்துரை குறட்டையே விட்டிருந்தான். அதே குறட்டை நாளைக்கு முத்துராமன் பேருக்கு விழட்டும், மானம் போகட்டும் என்பதுதான் திட்டம்.

மறுநாள் பாண்டித்துரைதான் 'கடிதம்' என்பதை அழுத்தி, உரக்க வாசித்தான்.

'அந்தக் கிரகத்திலிருந்து போட்ட கடிதம் வீடு சேர ஒன்பது வருடம். பதில் வர இன்னொரு ஒன்பது. பிறந்தநாளுக்கு என்ன பொம்மை வேண்டும் என்று கேட்டிருந்தான். பொம்மை வேண்டாம் அப்பா, எனக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று மகள் எழுதியிருந்தாள்.'

பாண்டித்துரை மேலே படிக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "யப்பா முத்து, என்னத்தடா எழுதி வச்சிருக்க! கொன்னுட்டடா!"

சதக்கத்துல்லாவுக்குத் தலை சுற்றியது. தன் வாயால் வாசித்தால் குறட்டை, இவன் பெட்டியில் வந்தால் கண்ணீரா? பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டார். "யா அல்லா! அது என் கதைப்பா! நாந்தான் நேத்து அடிச்சு வச்சேன்!"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாய், வயித்தெரிச்சலுக்கும் ஒரு அளவு வேணாமா?" பழைய நோட்டை எடுத்துக் காட்டலாம் என்றால், அது இரவல் போய் சவுதியில், தம்மாமில் யார் ரூமிலோ கிடந்தது.

முத்துராமன் எழுந்தான். "சத்தியமா நான் எழுதலைண்ணே. பாய்தான் எழுதியிருக்காரு. இப்படி எழுத எனக்கெல்லாம் இன்னும் பத்து வருஷம் ஆகும்."

அவன் மனசாரத்தான் சொன்னான். அது சதக்கத்துல்லாவுக்கும் புரிந்தது. புரிந்ததால் இன்னும் எரிந்தது.

"பாத்தீங்களா பாய், தன்னை வைஞ்ச ஆளுக்கே விட்டுக்கொடுக்குறான்!" என்று அவன் முதுகில் தட்டினான் பாண்டித்துரை.

அடுத்த நாளே அந்தப் பக்கத்தின் அடியில் 'எழுதியவர்: கீழக்கரை சதக்கத்துல்லா' என்று முத்துராமன் போட்டுவிட்டான். விஷயம் பரவி, ராஸ் அல் கைமா சிமென்ட் ஆலையிலிருந்தெல்லாம் ஆட்கள் லீவு நாளில் வந்து படித்தார்கள். படித்து முடித்து, அடியில் இருந்த பேரையும் பார்த்துவிட்டு, நேராக இவரிடம் வந்தார்கள்.

"உங்க பேரையே போட்டிருக்காரே பாய், அந்தத் தம்பிக்கு எவ்வளவு பெரிய மனசு!"

"ஆமா, பெரிய மனசுதான்" என்றார் சதக்கத்துல்லா, பல்லைக் கடித்துக்கொண்டு.