பத்தாயப்புரை அம்மாள்

வாடகைக்கு வீடு தேடி இராஜாக்கமங்கலம் பக்கம் போனபோது வீட்டுக்காரரான அந்த அம்மாளைச் சந்தித்தேன். நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தார். பேச்சுக்கு நடுவே முற்றத்தில் காயப்போட்டிருந்ததில் ஒரு நெல்லைக் கடித்து, காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீடு, அவருடைய பாட்டன் காலத்துப் பத்தாயப்புரை, அதாவது நெற்களஞ்சியம். நெல் சேர்த்துவைத்த அயனி மரச் சுவர்களுக்குள் இப்போது கட்டில், மின்விசிறி, குளியலறை. பின்னால் காலியான மாட்டுத்தொழுவம், அதைத் தாண்டி வயல். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"ஒரு காரியம் சார். அறுப்பு சமயம் பத்து நாளு நெல்லு உள்ள வரும். நீங்க தொழுவத்துல படுத்துக்கிடணும். கழுவி சிமெண்டு போட்டிருக்கேன்."

"நெல்லத் தொழுவத்துல போட்டா என்ன?"

"அங்க சாரல் அடிக்கும்லா? நெல்லு நனைஞ்சா முளைச்சிரும். நீங்க நனைஞ்சா தொடச்சுக்கிடலாம்."

சிரிக்காமல் சொல்லிவிட்டு அடுத்த நெல்லைக் கடித்தார்.

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. வடசேரியில் மாடி வீடு எடுத்தோம். ஒரு குறையும் இல்லை. ஆனால் அறுப்புக் காலத்தில் மழை பிடித்தால் அந்த வீடு நினைவுக்கு வந்துவிடுகிறது. நெல் நனைந்திருக்காது, அது நிச்சயம். என் இடத்தில் யார் நனைகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.