யாருக்கு எடுத்த அதிகாரம்

பாலோ ஊருக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏழு. போதகர் சிங்கப்பூரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் ரப்பர் ஸ்டோர் வராந்தாவில் கூடுவோம். வேதம் வாசித்து நாலு வார்த்தை சொல்வது என் பொறுப்பு. நான் தோட்டத்துக் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுபவன். அதற்கு முன் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வேலை பார்த்தவன். வாசிப்பு தெளிவாக இருக்கும் என்று என்னிடம் விட்டிருந்தார்கள். எந்த அதிகாரம் என்பதையும் நானே தேர்ந்தெடுப்பேன்.

ஒரு மழைக்காலத்தில், காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டில், எல்லார் முன்னாலும் துரை என்னைத் திட்டினார். நான் இரண்டு நாள் பெரட்டுக்குப் பிந்தி வந்ததாக, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். கண்டக்டரும் எங்கள் சபைதான், முன்வரிசையில் உட்காருபவர். அடுத்த ஞாயிறு நாவை அடக்காதவர்களைப் பற்றி வாசித்தேன். அதற்கடுத்த வாரம் பொய்ச்சாட்சி. மூன்றாம் வாரம் குருவைக் காட்டிக்கொடுத்த சீஷன். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வாசித்து முடிக்கும்வரை எல்லாரும் கண்டக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் வாரம் என் மனைவி மலேரியாவோடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அது ஆறாவது நாள். பக்கத்தில் விழித்திருந்து எனக்குக் கண் எரிந்தது. ஞாயிறு காலை, வேதப் புத்தகத்தோடு அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன்.

“இன்னைக்கும் அவருக்குத்தானா?” என்றாள்.

“யாருக்கு?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. கண்டக்டர் வீட்டு அக்காதான் அஞ்சு நாளா எனக்குக் கஞ்சி கொண்டு வர்றாங்க. அவங்க முகத்தப் பாக்க எனக்கு வெக்கமா இருக்கு.”

கஞ்சி வந்ததை நான் கவனித்திருந்தேன். தூக்குச்சட்டியின் மூடி ஒருபக்கம் நசுங்கியிருந்ததைக்கூடக் கவனித்திருந்தேன். நன்றி சொல்லவில்லை.

அன்று எடுத்து வைத்திருந்தது, தன் உள்ளத்தை ஆராய்ந்து அதில் கோணல் உண்டோ என்று பார்க்கும்படி ஒருவன் தேவனிடம் கேட்கும் சங்கீதம். கண்டக்டர் அப்படிக் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம். பாதி வாசிக்கையில் அந்த இரண்டு காலைகள் நினைவுக்கு வந்தன. நான் பிந்தித்தான் போனேன். முதல் நாள் கால் மணி. மறுநாள் அதற்கும் மேல். கண்டக்டர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஊரார் தரும் செய்தியையெல்லாம் சரிபார்த்துப் பழகியவன், இதை மட்டும் இத்தனை வாரமும் சரிபார்க்கவில்லை. என் குரல் நின்றது.

“ஏன் கிராணியாரே நிறுத்திட்டீங்க?” என்றார் கண்டக்டர். “என் பங்கு இன்னும் முடியலையே.”

பின்னால் ஒருவர் சிரித்தார்.

“நீங்க துரைகிட்ட சொன்னது உண்மைதான். நான் பிந்தித்தான் வந்தேன்,” என்றேன். வேதத்தை மூடிவிட்டு உட்கார்ந்தேன்.

“அது எனக்குத் தெரியும்லா. வீட்டம்மாவுக்கு எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க.”

“காய்ச்சல் இறங்கல.”

“அப்ப ஜெபம் பண்ணுவோம்,” என்று கண்டக்டர் எழுந்தார். “ஆண்டவரே, அந்தப் பிள்ளையப் பாத்துக்கும். இவரையும் கொஞ்சம் தூங்க வையும்.” அவ்வளவுதான் அவர் ஜெபம்.

அந்த ஆறு நாளும் நான் தேவனிடம் கேட்டபோதெல்லாம் காரணங்களை அடுக்கியிருந்தேன். ஞாயிறுதோறும் வேதம் வாசிப்பவன் என்பது அவற்றில் முதலாவது. இப்போது அடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் தேவன் கையில் இருக்கிறாள் என்பது மட்டும் இருந்தது. அது ஆறுதலாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. நான் மிகவும் களைத்திருந்தேன். ஆனால் அதை விட்டு வேறெங்கும் போகத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கொய்னா மருந்தும் வேலை செய்திருக்கும். அந்த ஞாயிறுதான் அவளைப் பிழைக்க வைத்தது என்று நான் எழுதமாட்டேன். அவள் பிழைக்காமல் போயிருந்தாலும் கண்டக்டரிடம் நான் சொன்னது சொன்னதுதான்.

அதிகாரத்தைத் தேர்ந்தெடுப்பதை விட்டேன். அடுத்த ஞாயிறு முதல் சுவிசேஷத்தை எடுத்து, தொடக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்கலானேன். தொடக்கம் முழுக்க வம்ச வரலாறு, பெயர்மேல் பெயர். கண்டக்டர் பாதியிலேயே கொட்டாவி விட்டார். நான் கடைசிப் பெயர்வரை வாசித்தேன்.