செட் அக்கா கட்டிய கணினி

துணி மடித்துக்கொண்டிருக்கும்போது விசிறிச் சத்தம் மாறினால் செட் அக்கா தலையைத் தூக்குவார். மேசைக்கு அடியில் இருக்கும் கணினிப் பெட்டியின் விசிறிதான். திரையில் வரிகள் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை அவர் படிப்பதில்லை. "பெரிய தலை ஒண்ணு உள்ள வந்திருக்கு, கட்டி முடிக்க இனி மூணு மணி நேரம் ஆகும்" என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டு அடுத்த போர்வையை உதறுவார். பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

வயது நாற்பத்தேழு. தொழில், பல் செட் செய்வது; 'செட் அக்கா' ஆனது அதனால்தான். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, நாலாம் மாடியில் ஒரு சின்னப் பட்டறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லாக மெழுகில் நட்டு, ராவி, மெருகேற்றிக் கொடுப்பார். அச்சைப் பார்த்த மாத்திரத்தில் "இவரு வலது பக்கமே மெல்லுற ஆளு" என்பார். ஆளை அவர் பார்த்தே இருக்கமாட்டார். ஆனால் செட் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஓய்வு நேரத்தில் நடப்பது வேறொரு கட்டுமானம். கணினியை எழுப்பி நடத்திவைக்கும் இயங்குதளம் நமக்கெல்லாம் தயாராகவே வந்துவிடுகிறது. அக்காவுக்கு அது ஆகாது. யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவைத்திருக்கும் மூல நிரல்களை ஒவ்வொன்றாக இறக்கி, தன் கணினியின் அளவுக்குத் தானே கட்டி எழுப்புவார். முழுதாகக் கட்ட ஒன்பது நாள். தயாராகக் கிடைப்பதைப் போட இருபது நிமிடம். இதைச் சொல்லிக் கேலி செய்யாதவர் பட்டறையில் யாரும் இல்லை.

"ரெடிமேட்ல என்ன குறைன்னு கேக்குறீங்க. அடுத்தவங்க பல் செட்ட நீங்க மாட்டிக்குவீங்களா?" என்பார்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் கணினியைத் திறந்தால், திரையில் முந்தின நாள் இருந்த பொத்தான்கள் எல்லாம், தானாக வந்த ஒரு மேம்படுத்தலில் இடம் மாறியிருந்தன. "என் வீட்டு அலமாரிய என்னைக் கேக்காம யாரு மாத்தி அடுக்கினது?" என்று ஆரம்பித்த கோபம் இன்னும் தணிந்தபாடில்லை. இனி தானே கட்டிக்கொள்வது என்று இறங்கிய முதல் முயற்சியிலேயே ஒரு காரியம் செய்தார். கட்டிய கருவிகள் எங்கே போய் இறங்க வேண்டும் என்று சொல்லும் வரியைத் தட்ட மறந்துவிட்டார். அத்தனையும், அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்த பழைய இயங்குதளத்தின் தலையிலேயே இறங்கின. பழையது படுத்துவிட்டது, புதியது பிறக்கவே இல்லை. ஆறு நாள் உழைப்பு போயே போச்சு. ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு, மறுநாள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். இதையும் அக்கா பெருமையாகத்தான் சொல்வார்.

அவர் வீட்டுக்காரர் பூகோள வாத்தியார். தங்கமான மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் சும்மா இருக்காது. "கடைல சட்ட தொங்குது, இவ பருத்தி விதைக்கப் போறா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அக்காவும் சேர்ந்துதான் சிரிப்பார். ஆனால் அந்த வாயால் ஒரே ஒரு தடவை 'நல்லா பண்ணியிருக்க' என்று கேட்டுவிட வேண்டும் என்று எட்டு வருடமாக உள்ளுக்குள் ஏக்கம். ஊரே பாராட்டினாலும் அது தீராது.

போன மாதம் வாத்தியாருக்குத் தலைமையாசிரியர் பதவிக்கு நேர்காணல் வந்தது. கணினி வழியாக, காலை பத்து மணிக்கு. அதற்கென்றே ஒரு ஹெட்செட் புதிதாக வாங்கியிருந்தவர், எட்டரை மணிக்குத்தான் அதைச் செருகிப் பார்த்தார். மூச்சு பேச்சு இல்லை.

"என்ன உன் வண்டி மைக்கையே கண்டுக்க மாட்டேங்குது?"

இயங்குதளத்தின் அடிப்பாகத்தைக் கட்டும்போது, இது வேண்டுமா, அது வேண்டுமா என்று ஆயிரக்கணக்கான கேள்விகள் வரும். செருகிப் பேசும் மைக்குக்கு அவர் 'வேண்டாம்' என்று தட்டியிருந்தார். இந்த வீட்டில் யார் மைக் பிடித்துப் பேசப்போகிறார்கள் என்ற நினைப்பு.

"நான்தாங்க வேண்டாம்னு விட்டுட்டேன். என் தப்பு. நாப்பது நிமிஷம் குடுங்க."

"விளையாடுறியா? பதினோரு வருஷமா காத்துட்டு இருக்கேன். பக்கத்து வீட்ல லேப்டாப் கேட்டு வாங்கிட்டு வரேன்."

"வாங்கிட்டு வாங்க, வேண்டாங்கல. ஆனா அது நடுவுல நின்னா, எங்க நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது. இதுல தெரியும்."

வாத்தியார் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடி வாசலில் நின்றார். போகவும் மனமில்லை, திரும்பவும் மனமில்லை. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏற்கெனவே இஸ்திரி போட்ட சட்டைக்கு இன்னொரு முறை இஸ்திரி போட உட்கார்ந்தார்.

அக்கா அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்து 'வேண்டும்' என்று மாற்றி, அடிப்பாகத்தை மீண்டும் கட்டவிட்டார். ஒன்பதே காலுக்குக் கணினி மறுபடி எழுந்தது. வாத்தியார் "ஹலோ" என்றார். அவர் குரல் அவர் காதுக்கே திரும்பி வந்தது. "சரி சரி, கதவச் சாத்திட்டுப் போ" என்றதோடு சரி.

பத்து மணி ஆனதும் அக்கா அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். பேச்சு காதில் விழுந்தால் பதற்றம் கூடும் என்று குழாயை முழுதாகத் திறந்துவிட்டுக்கொண்டார். அரை மணி நேரம் போயிருக்கும். தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டி வாத்தியாரின் வகுப்பறைக் குரல் வந்தது.

"தெளிவா கேக்குதுங்களா? சந்தோஷம் சார். ஓ, மத்தவங்க குரல் விட்டு விட்டு வந்துச்சுங்களா. இல்ல சார், புது கம்ப்யூட்டர் எல்லாம் இல்ல, பழசுதான். உள்ள ஓடுற சிஸ்டம் மட்டும் வீட்லயே கட்டினது. ஐயோ, நான் இல்ல சார். என் மனைவி. அடியிலேர்ந்து ஒவ்வொண்ணா அவங்களே கட்டினாங்க."

அக்கா நுரைக் கையோடு எட்டிக் குழாயை மூடினார்.